சிக்மண்ட் ஃபிராய்டும் இழப்பின் துயரும்: மருத்துவரின் துயர் நோயாளியின் துயரைச் சந்தித்தபோது

உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கியவர் சிக்மண்ட் ஃபிராய்ட் (1856-1939). துக்கம் எப்படி வருகிறது, எப்படி ஆறுகிறது என்பதை நவீன உளவியலில் முதன்முதலாக விரிவாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கட்டுரையை எழுதிய சில ஆண்டுகளில் அவர் தன் மகளை இழந்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த மகளின் குழந்தையையும் இழந்தார். அதன் பிறகும் இழப்பைச் சுமந்து வந்தவர்களை அவர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உளச்சிகிச்சை அளிப்பவரின் சொந்தத் துயர், சிகிச்சைக்கு வந்தவரின் துயரைப் போலவே இருந்தால் என்ன நடக்கும்? அந்தத் துயர் சிகிச்சைக்கு உதவுமா, கெடுக்குமா? அதை மறைக்க வேண்டுமா, சொல்லலாமா? நூறு ஆண்டுகளாக உளவியல் உலகம் பேசிவரும் கேள்வி இது. ஃபிராய்டின் வாழ்க்கையில் இக்கேள்வி எப்படி எழுந்தது, அவருக்குப் பின் வந்தவர்கள் அதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

ஃபிராய்ட் வகுத்த விதி

தொடக்கத்தில் ஃபிராய்ட் இதற்குக் கண்டிப்பான விடை வைத்திருந்தார். நோயாளி தன் வாழ்வில் முக்கியமானவர்கள்மீது கொண்ட அன்பையும் கோபத்தையும் அறியாமலேயே மருத்துவர்மீது ஏற்றிப் பார்க்கிறார் என்று அவர் கண்டறிந்தார். இதை உணர்வுப் பெயர்ச்சி எனலாம். இதன் மறுபக்கமும் உண்டு. நோயாளியின் பேச்சு மருத்துவருக்குள்ளும் பழைய உணர்வுகளைக் கிளறுகிறது. 1910ஆம் ஆண்டு நூரம்பர்க் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் ஃபிராய்ட் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அதை எதிர் உணர்வுப் பெயர்ச்சி என்று சொல்லலாம். மருத்துவர் அதைத் தன்னிடம் கண்டுகொண்டு அடக்கி ஆள வேண்டும் என்பது அவருடைய கருத்து.

1912இல் மருத்துவர்களுக்கு அவர் எழுதிய அறிவுரைகளில் இரண்டு உவமைகள் வருகின்றன. ஒன்று, அறுவைச் சிகிச்சை செய்பவர். அவர் தன் இரக்கத்தைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டுக் கத்தியில் மட்டும் கவனம் வைப்பதைப் போல உளமருத்துவரும் இருக்க வேண்டும். மற்றொன்று, கண்ணாடி. நோயாளி காட்டியதை மட்டுமே அது திருப்பிக் காட்டும். தன்னுடையது எதையும் காட்டாது.

இந்த விதிக்குக் காரணம் இருந்தது. மருத்துவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் நோயாளிக்கு அவரை அறியும் ஆவல் கூடும். தன்னைப் பார்ப்பது குறையும். மருத்துவரின் மனம் நோகாதபடி பேச வேண்டுமே என்ற கவலையும் வரும். சிகிச்சைக்கு வந்தவரே சிகிச்சை அளிப்பவரைத் தேற்ற வேண்டிய நிலை உண்டாகும்.

துக்கத்தைப் பற்றிய முதல் கோட்பாடு

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் ஃபிராய்ட் துக்கத்தையும் மனச்சோர்வு நோயையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது 1917இல் அச்சேறியது. அக்கட்டுரையின் சாரம் இது: நாம் நேசித்தவர் இறந்தபின் நம் மனம் அவரோடு கழித்த ஒவ்வொரு நினைவையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் இல்லை என்ற உண்மை உறைக்கிறது. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்மீது வைத்த பற்றை மனம் விலக்கிக்கொள்கிறது. இந்த வேலை முடிந்ததும் மனம் விடுதலை பெற்று, வேறொருவரை நேசிக்கத் தயாராகிறது.

இதன்படி துக்கம் என்பது முடியக்கூடிய ஒரு வேலை. முடியாமல் நீண்டால் அது நோயின் பக்கம் சாய்கிறது. பின்னாளில் மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் இந்தக் கருத்தையே துக்கத்துக்கு அளவுகோலாக வைத்திருந்தது.

இதை எழுதியபோது ஃபிராய்ட் இழப்பை அறியாதவர் அல்ல. அவருக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தம்பி ஜூலியஸ் இறந்திருந்தான். 1896இல் தந்தை யாக்கோப் இறந்தார். கனவுகளைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூல், தந்தையின் இறப்புக்குத் தன் மனம் காட்டிய எதிர்வினையே என்று அந்நூலின் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் குறிப்பிட்டார். ஆனால் தந்தையை இழப்பது உலக வழக்கம். பிள்ளையை இழப்பது அப்படியல்ல.

சோஃபியின் மரணம்

ஃபிராய்டின் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவது சோஃபி. 1893இல் பிறந்தவர். ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மாக்ஸ் ஹால்பர்ஸ்டாட்டை மணந்து அங்கேயே வாழ்ந்தார். அவருக்கு எர்ன்ஸ்ட், ஹைன்ஸ் என்று இரண்டு மகன்கள். மூன்றாவது முறை கருவுற்றிருந்தபோது அவருக்கு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் கண்டது. ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய கொள்ளைநோய் அது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1920 ஜனவரி 25 அன்று, 26ஆம் வயதில் சோஃபி இறந்தார்.

போருக்குப் பிந்தைய வியன்னாவிலிருந்து ஜெர்மனிக்கு அப்போது ரயில் ஓடவில்லை. பெற்றோரால் மகளின் இறுதிச் சடங்குக்குச் செல்ல முடியவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்புதான் ஃபிராய்டின் நண்பரும் உளப்பகுப்பாய்வு இயக்கத்துக்குப் பொருளுதவி செய்தவருமான அன்டோன் ஃபான் ஃபிராய்ண்ட் புற்றுநோயால் இறந்திருந்தார். ஃபிராய்ட் தன் வேலையை நிறுத்தவில்லை. முடிந்தவரை வேலை செய்வதாகவும், கவனத்தைத் திருப்ப அது உதவுவதாகவும் நண்பர் ஆஸ்கர் பிஃபிஸ்டருக்கு எழுதினார்.

அதே ஆண்டு ஃபிராய்டின் முக்கியமான நூல் ஒன்று வெளிவந்தது. மனிதரை இன்பநாட்டம் மட்டும் இயக்குவதில்லை, அதற்கு அப்பால் மரணத்தை நோக்கிய ஓர் உந்துதலும் உண்டு என்று பேசும் நூல் அது. மகளின் சாவுதான் அவரை அப்படி எழுதவைத்தது என்று பிறர் சொல்லக்கூடும் என அவர் எதிர்பார்த்தார். சோஃபி நலமாக இருந்தபோதே அந்நூலில் பாதி எழுதி முடிந்திருந்தது என்பதற்குச் சாட்சியாக இருக்கும்படி மாக்ஸ் ஐடிங்கனைக் கேட்டுக்கொண்டார்.

அந்நூலில் ஒரு சிறுவன் வருகிறான். நூல் கட்டிய கட்டையைத் தூக்கி எறிவான். அது மறைந்ததும் போய்விட்டது என்பான். நூலை இழுத்து அது திரும்பி வந்ததும் இதோ என்று மகிழ்வான். தாய் தன்னை விட்டு வெளியே போவதையும் திரும்பி வருவதையும் அந்தக் குழந்தை இப்படி விளையாடிப் பழகிக்கொள்கிறது என்று ஃபிராய்ட் விளக்கினார். அந்தச் சிறுவன் சோஃபியின் மூத்த மகன் எர்ன்ஸ்ட். நூலில் அவன் பெயர் இல்லை. அவனுக்கு ஐந்தே முக்கால் வயதானபோது தாய் இறந்துபோனாள், அப்போது அவன் துயர் எதையும் காட்டவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் இருக்கிறது. இறந்த பெண் தன் மகள் என்று ஃபிராய்ட் அங்கே சொல்லவில்லை. கண்ணாடி தன்னுடையது எதையும் காட்டக்கூடாது என்ற விதியை அவர் எழுத்திலும் கடைப்பிடித்தார்.

ஹைனலே

சோஃபியின் இளைய மகன் ஹைன்ஸை வீட்டில் ஹைனலே என்று அழைத்தார்கள். தாயை இழந்த அவனை ஃபிராய்டின் மூத்த மகள் மத்தில்டே வியன்னாவுக்கு அழைத்து வந்து வளர்த்தார். அவருக்குக் குழந்தை இல்லை. ஹைனலே மெலிந்த உடல்வாகு கொண்டவன். மிகுந்த அறிவுக்கூர்மை உடையவன்.

1923 ஏப்ரலில் ஃபிராய்டுக்கு வாயில் முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னாளில் அவர் உயிரைப் பறித்த புற்றுநோயின் தொடக்கம் அது. அக்காலத்தில்தான் குழந்தைக்கும் தொண்டைச் சதையை அகற்றியிருந்தார்கள். தன்னால் இப்போது ரொட்டியின் மேலோட்டைத் தின்ன முடிகிறது, தாத்தாவால் முடிகிறதா என்று ஹைனலே கேட்டதாக ஃபிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னெஸ்ட் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1923 ஜூன் 19 அன்று காசநோயால் அந்தக் குழந்தை இறந்தது. வயது நான்கரை. ஃபிராய்ட் கண்ணீர் விட்டதாக அறியப்படும் ஒரே சந்தர்ப்பம் அது என்கிறார் ஜோன்ஸ்.

பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதங்கள்

லுட்விக் பின்ஸ்வாங்கர் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் நகரில் மனநல மருத்துவமனை நடத்தியவர். ஃபிராய்டின் நீண்டகால நண்பர். 1926இல் அவருடைய சிறு மகன் இறந்தபோது ஃபிராய்ட் ஆறுதல் கடிதம் எழுதினார். அதில் ஹைனலேயைப் பற்றிக் கூறினார். தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய இடத்தையும் அந்த ஒரு குழந்தையே பிடித்துக்கொண்டிருந்தது என்றும், அவன் போனபின் வாழ்வில் மகிழ்ச்சி இல்லை என்றும் எழுதினார். தன் புற்றுநோயைத் தான் எதிர்கொள்ளும் விதத்தை மற்றவர்கள் துணிச்சல் என்கிறார்கள், உண்மையில் அது பற்றின்மைதான் என்றும் ஒப்புக்கொண்டார்.

1929 ஏப்ரலில் மீண்டும் அவருக்கு எழுதினார். சோஃபி உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 36 வயது ஆகியிருக்கும். கடும் துயர் ஒரு நாள் தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, இழந்தவருக்கு ஈடாக எவரும் வர மாட்டார் என்பதே அக்கடிதத்தின் கருத்து. அந்த வெற்றிடத்தை முழுவதும் எது நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி, விட்டுவிட மனமில்லாத அன்பை வாழவைக்க அது ஒன்றே வழி என்றார்.

1917இல் அவர் எழுதியதற்கு இது நேர் எதிரானது. பற்றை விலக்கிக்கொண்டு வேறொருவரை நேசிக்கலாம் என்றவர், ஈடு இல்லை என்கிறார். தன் கோட்பாட்டை அவர் வெளிப்படையாகத் திருத்தி எழுதவில்லை. 1923இல் வெளியான ஒரு நூலில், இழந்தவர்கள் நம் ஆளுமையின் பகுதியாகவே நமக்குள் தங்கிவிடுகிறார்கள் என்று சொன்னார். திருத்தத்துக்கு மிக நெருங்கி வந்தது அந்த இடம்தான். மற்றதையெல்லாம் நண்பரின் துயருக்குத் தன் துயரைத் துணையாகக் கொடுத்த கடிதங்களில்தான் சொன்னார்.

எச்.டி.யும் லாக்கெட்டும்

நண்பருக்குக் கடிதம் எழுதுவது ஒன்று. சிகிச்சைக்கு வந்தவரிடம் பேசுவது வேறு. சிகிச்சை அறையில் ஃபிராய்டின் துயர் வெளிப்பட்ட ஒரு தருணத்தை நாம் அறிவது, அங்கே சிகிச்சைக்கு வந்த ஒரு கவிஞரின் மூலம்.

எச்.டி. என்ற பெயரில் எழுதிய ஹில்டா டூலிட்டில் (1886-1961) அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த கவிஞர். போர்க்காலம் அவரைச் சிதைத்திருந்தது. 1915இல் அவருடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. 1918இல் அண்ணன் கில்பர்ட் பிரான்சில் போர்முனையில் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமல் 1919இல் தந்தை இறந்தார். மணவாழ்க்கை முறிந்தது. அதே 1919இல் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அவரையும் அந்தக் கொள்ளைக்காய்ச்சல் பிடித்தது. தாயும் சேயும் பிழைத்தது அரிது. ஆனால் இருவரும் பிழைத்தார்கள்.

1933 மார்ச் மாதம் வியன்னாவின் பெர்க்காஸ 19ஆம் எண் வீட்டில் எச்.டி. ஃபிராய்டிடம் சிகிச்சையைத் தொடங்கினார். ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இன்னொரு போர் வரப்போகிறது என்ற அச்சம் எச்.டி.யை வாட்டியது. யூதரான முதிய மருத்துவரிடம் அதைப் பேச அவருக்கு மனம் வரவில்லை. அதாவது, மருத்துவரைக் காக்கும் எண்ணம் நோயாளிக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

ஒரு நாள் பேச்சு அந்தப் பழைய காய்ச்சலைப் பற்றி வந்தது. தனக்கும் அதை மறக்க முடியாது, தன் அன்பு மகளை அதில் இழந்ததாக ஃபிராய்ட் சொன்னார். பிறகு தன் கடிகாரச் சங்கிலியில் கோத்திருந்த ஒரு சிறு லாக்கெட்டைக் காட்டி, மகள் இங்கே இருப்பதாகக் கூறினார். சோஃபி இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. எச்.டி. இதை 1944இல், குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டனில் இருந்தபடி எழுதினார். 1956இல் வெளிவந்த, ஃபிராய்டுக்கு அவர் செலுத்திய புகழஞ்சலி நூலில் அது இடம்பெற்றது.

இங்கே இருவரின் துயரும் ஒரே நோயில் பிறந்தவை. வயிற்றில் குழந்தையோடு காய்ச்சலில் விழுந்த இரண்டு பெண்களில் ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். பிழைத்தவர் இப்போது இறந்தவரின் தந்தைமுன் படுத்திருக்கிறார். இதை ஃபிராய்ட் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்குப் பதிவு இல்லை. ஆனால் அவர் சொன்னது மிகக் குறைவு. ஒரு செய்தி, ஒரு லாக்கெட், அவ்வளவே.

சொன்னதன் மறுபக்கம்

இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. எச்.டி.க்கு முந்தைய நேரத்தில் ஃபிராய்டிடம் வந்துகொண்டிருந்தவர் ஜே. ஜே. ஃபான் டெர் லேவ் என்ற டச்சுக்காரர். பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். தானே விமானம் ஓட்டுபவர். 1934இல் ஆப்பிரிக்காவில் தாங்கனிக்காவில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது, அவர் இறந்தார். ஃபிராய்ட் இந்த இளைஞரிடம் தன் சிந்தனையை எடுத்துச்செல்லும் ஒருவரைக் கண்டிருந்தார் என்று எச்.டி. நம்பினார். அந்த ஆண்டு இறுதியில் வியன்னாவுக்குத் திரும்பி வந்து தன் வருத்தத்தைத் தெரிவித்தார். அவருடைய இடத்தை நிரப்ப வந்திருக்கிறாய் என்பது போல ஃபிராய்ட் பதில் சொன்னார்.

இங்கே சிகிச்சைக்கு வந்தவர் சிகிச்சையாளரைத் தேற்றுகிறார். 1912இல் ஃபிராய்ட் அஞ்சியது இதைத்தான். எச்.டி. அதைச் சுமையாக எண்ணவில்லை. வாழ்நாள் முழுதும் ஃபிராய்டை நன்றியோடு நினைத்தார். ஆனாலும் இழந்தவருக்கு ஈடு இல்லை என்று நண்பருக்கு எழுதியவரே, ஒரு நோயாளியை இன்னொருவரின் இடத்தில் வைத்துப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஃபிராய்டுக்குப் பின்

1950இல் லண்டனைச் சேர்ந்த பவுலா ஹைமன் எதிர் உணர்வுப் பெயர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மருத்துவருக்குள் எழும் உணர்வு வெறும் இடையூறு அல்ல, நோயாளியை அறிய உதவும் கருவியும் ஆகும் என்பது அவர் வாதம். அதற்காக அந்த உணர்வை நோயாளியிடம் கொட்டக்கூடாது என்றும் அவர் வலியுறுத்தினார்.

அடுத்த ஆண்டு மார்கரெட் லிட்டில் தன் கட்டுரையில் ஓர் உதாரணம் கூறினார். தாய் இறந்த சில நாட்களில் ஒருவர் வானொலியில் உரையாற்றுகிறார். பிறகு கலங்கிப்போய்ச் சிகிச்சைக்கு வருகிறார். தன் வெற்றியைக் கண்டு மருத்துவர் பொறாமைப்படுவாரோ என்ற அச்சமே அவர் கலக்கத்துக்குக் காரணம் என்று மருத்துவர் விளக்குகிறார். அவரும் ஏற்றுக்கொள்கிறார். தன் பேச்சைக் கேட்டு மகிழத் தாய் இல்லையே என்பதுதான் தன் வருத்தம் என்பது அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே புரிகிறது. மருத்துவரின் சொந்த உணர்வு வந்தவரின் துக்கத்தை மூடிவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் வோர்டன் துக்க ஆலோசனை பற்றி 1982இல் வெளியிட்ட கைநூலில் ஆலோசகரின் சொந்தத் துயருக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கினார். வந்தவரின் துயர் ஆலோசகரை மூன்று வகையில் தொடுகிறது என்றார்: அவர் ஏற்கெனவே இழந்தவர்களை நினைவூட்டுகிறது, இனி இழந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்களை நினைவூட்டுகிறது, தன் சொந்தச் சாவையும் நினைவூட்டுகிறது. எனவே ஆலோசகர் தன் இழப்புகளின் வரலாற்றை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும், தன் எல்லையை அறிய வேண்டும், தேவைப்படும்போது தானும் உதவி கேட்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மன் தொகுத்த நூல், இறந்தவரோடு உறவு தொடர்வது நோய் அல்ல, இயல்பு என்று வாதிட்டது. ஃபிராய்ட் 1929இல் கடிதத்தில் எழுதியதை ஆய்வுலகம் ஏற்க இவ்வளவு காலம் ஆயிற்று.

ஒரே இழப்பில் இருவரும்

ஃபிராய்டையும் எச்.டி.யையும் ஒரே கொள்ளைநோய் தொட்டது தற்செயல். போரும் பேரழிவும் நிகழும் இடங்களில் இது அன்றாட நிலை. யாழ்ப்பாணத்தில் போர் ஆண்டுகளில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்குச் சான்று. முறிந்த பனை நூலின் ஆசிரியர் நால்வரில் அவரும் ஒருவர். உடன் ஆசிரியரும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் விரிவுரையாளருமான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஈழத்தமிழர்மீது போர் ஏற்படுத்திய மனவடுக்களைப் பற்றி சோமசுந்தரம் 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். துயர் ஒரு சமூகம் முழுவதற்கும் நேர்ந்திருக்கும்போது தனிமனிதச் சிகிச்சை மட்டும் போதாது என்பது அவர் எழுத்துகளின் அடிப்படை. அங்கே கேட்பவரும் சொல்பவரும் ஒரே ஊரின் இழப்பைச் சுமந்தவர்கள்.

தமிழர் இழவு வீட்டில் இதை ஒளிப்பதில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண், இறந்தவருக்காக அழும்போதே தன் வீட்டில் இறந்தவரையும் நினைத்து அழுவாள். யாரும் தவறாக எண்ணுவதில்லை. சிகிச்சை அறைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே ஒருவர் உதவி கேட்டு வந்திருக்கிறார். அந்த நேரம் அவருக்கு உரியது.

மதிப்பீடு

உளச்சிகிச்சையாளரின் துயர் மறைந்துவிட வேண்டும் என்று இன்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புதிதாக இழப்பைச் சந்தித்தவர் சிறிது காலம் வேலையிலிருந்து விலகியிருப்பதும், அனுபவம் மிக்க மூத்தவரிடம் தன் நிலையைத் தொடர்ந்து பேசுவதும் வழக்கமாகிவிட்டன. தன் இழப்பைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு இன்று தரப்படும் விடை எளியது. சொல்வது யாருக்காக என்று பார்க்க வேண்டும். வந்தவர் தன் துயரை மேலும் பேச அது வழி திறந்தால் சொல்லலாம். அவர் தன் பேச்சை நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரைத் தேற்றத் தொடங்கினால், சொன்னது அளவை மீறிவிட்டது என்று பொருள்.

ஃபிராய்ட் 1912இல் வகுத்த விதியை 1933இல் தானே மீறினார். அந்த மீறலை அவர் எங்கும் எழுதவில்லை. எழுதியவர் எச்.டி. பதினோரு ஆண்டுகள் கழித்து இன்னொரு போரின் நடுவே அந்தச் சிறு லாக்கெட்டை அவர் நினைவுகூர்ந்தார். துக்கம் முடியக்கூடிய வேலை என்று எழுதியவர், அது முடியாததன் அடையாளத்தைத் தன் கடிகாரத்தோடு அணிந்திருந்தார் என்பதை அந்தக் குறிப்பின் மூலமே நாம் அறிகிறோம்.